கைப்பேசி விளையாட்டும் நம் பிள்ளைகளும்
(பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியை மறைத்து வைத்திருக்கும் தம்பிமார்களே,

"நாள் முழுக்க கேம், கேட்டால் இதுதான் என் தொழில் என்கிறான்." இந்தப் புகாரோடு பெற்றோர் பலர் அலுவலகத்துக்கு வருகிறார்கள். பையன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈ-ஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியாக நடந்தது. குஜராத்தின் பூஜ் ஊர்க்காரர் தீர்த் மேத்தா அதில் வெண்கலம் வாங்கினார். 2023-இல் ஹாங்சோவில் நடந்த அடுத்த ஆசிய விளையாட்டில் அதற்கு முறையான பதக்கமே தந்தார்கள். நம் சபராளிகள் இருக்கும் ரியாத்தில் 2024-இலும் 2025-இலும் இதற்கென்றே உலகக் கோப்பை நடந்தது. 2025-இல் அதில் செஸ்ஸையும் சேர்த்தார்கள். நம் நாட்டு அர்ஜுன் எரிகைசி 4-ஆம் இடம் பிடித்தார். செஸ் என்றால் மகனைத் தட்டிக்கொடுக்கிறோம், மற்றது என்றால் திட்டுகிறோம்.

மறுபாதியைத் தம்பிமார்கள் கேட்க வேண்டும். பப்ஜியை 2020 செப்டம்பரில் அரசு தடை செய்தது. அதற்குப் பதிலாக வந்த பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் முடக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. அதையே நம்பிப் பயிற்சி எடுத்தவன் அந்தப் பத்து மாதம் என்ன செய்திருப்பான்? கிரிக்கெட்டுக்கு முதலாளி கிடையாது. இந்த ஆட்டம் ஒரு கம்பெனியின் சொத்து. டிகிரியை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது வேறு. ரம்மியும் இதே கைப்பேசியில்தான் வந்தது. நுழைவுக் கட்டணம் கட்டிப் போட்டியில் ஆடி, திறமைக்குப் பரிசு வாங்குவது ஒன்று. பணம் வைத்துப் பந்தயம் கட்டுவது இன்னொன்று. 2025-இல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். நமக்கு அது சூது, ஹராம். அதில் இரண்டு பேச்சு இல்லை.

கணக்கு உம்மா பெயரில், ஜிபே மகன் கையில். நம் தெருக்களில் பல வீடுகளில் இதுதான் நிலை. வாரம் ஒருமுறை கணக்கைப் பாருங்கள். சின்னச் சின்னத் தொகையாக அடிக்கடி போயிருந்தால், என்ன ஆட்டம் என்று காட்டச் சொல்லுங்கள். அடிக்காதீர்கள், அடித்தால் கூட்டாளி போனில் ஆடுவான்.

யாராவது ஏமாற்றிப் பணத்தை எடுத்திருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். புகார் எழுதத் தெரியாதவர்கள் இஷாவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். பெயர் வெளியே போகாது.