மலிவு விலை மடக்குக் கத்தி வாங்கலாமா?

(உழவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கும்பப்பூ நடவைப் பற்றியோ, வாழைக்கு உரமிடுவதைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக் கொண்டது உங்களில் பலருடைய மடியில் இப்போதே இருக்கும் ஒரு சிறு பொருள். மடக்குக் கத்தியும் அதன் உறையும்தான் அது. திருவிழாக் கடையிலும், பேருந்து நிலையத்து நடைபாதையிலும், சந்தையில் விரித்த சாக்கின் மேலும் பளபளவென்று அடுக்கி வைத்து, "உறையோடு சேர்த்து இவ்வளவுதான்" என்று கூவி விற்கிறார்கள். அதை வாங்குவது இலாபமா, நட்டமா என்பதைப் பார்ப்போம்.

எதற்காகக் கத்தி?

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நெல் விவசாயிக்குக் குருத்து காய்ந்த தூரைப் பிடுங்கி, தண்டைக் கீறி, உள்ளே தண்டுத் துளைப்பானின் புழு இருக்கிறதா என்று பார்க்கக் கத்தி வேண்டும். வாழைக்காரருக்கு முட்டுக் கம்பில் கட்டிய கயிற்றை அறுக்க வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் ரப்பர் நாற்றங்கால் வைத்திருப்பவருக்கு மொட்டு ஒட்டுக் கட்ட வேண்டும். உர மூட்டையின் தையலைப் பிரிப்பது எல்லோருக்கும் உள்ள வேலை.

இவற்றில் மூட்டை பிரிக்க எந்தக் கத்தியும் போதும். ஒட்டுக் கட்டுவது அப்படியன்று. பட்டைக்கும் மரக்கட்டைக்கும் இடையில் வளர்திசு என்னும் மிக மெல்லிய அடுக்கு இருக்கிறது. ஒட்டும் தாய்ச்செடியும் சேர்வது அந்த அடுக்கில்தான். கூர்மையான கத்தி அதைச் சீராக வெட்டும். மழுங்கிய கத்தி நசுக்கும். நசுங்கிய திசு கறுத்துச் செத்துவிடும்; ஒட்டுப் பிடிக்காது. ஆகவே, என்ன வேலைக்கு வாங்குகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக் கொள்ள வேண்டும்.

எனக்குக் கிடைத்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திருவிழாக் கடையில் இப்படி ஒரு கத்தியை வாங்கி என் தகப்பனாருக்குக் கொடுத்தேன். கண்ணாடி போல் பளபளத்த அலகு, கறுப்புப் பிடி, இடுப்பில் மாட்டிக் கொள்ள ஓர் உறை. அதுவரை அவர் வைத்திருந்தது ஊர் ஆசாரி அடித்துக் கொடுத்த கறுத்த கத்தி. அதை வீட்டில் போட்டுவிட்டு, மகன் வாங்கித் தந்ததை மகிழ்ச்சியோடு மாட்டிக் கொண்டார்.

ஐப்பசி மழையில் வாழைத் தோட்டத்தில் ஒரு முட்டுக் கயிற்றை அறுத்துக் கொண்டிருந்தார். இறுகிய கயிறு, கத்தியைச் சற்று அழுத்தித் திருப்பியிருக்கிறார். அலகு திடீரென்று மடங்கி ஆட்காட்டி விரலின் மேல் மூடிக் கொண்டது. விரலை மடக்கும் தசைநாண் அறுந்துவிட்டது. அந்தக் கும்பப்பூ நடவுக்கு அவர் வயலில் இறங்கவில்லை. இன்றும் அந்த விரல் முழுமையாக மடங்காது.

மருத்துவமனையில் கட்டுப் போட்ட கையோடு அவர் கேட்டார்: "மாட்ட வாயப் பொளந்து பல்லப் பாத்துல்லா வாங்குவோம், மக்களே? கத்திய மட்டும் பளபளப்பப் பாத்து வாங்கிட்டியே!"

வேளாண்மையில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு அந்தக் கத்தியைப் பிரித்துப் பார்த்தேன். அலகு மடங்காமல் தாங்க வேண்டிய பூட்டுத் தகடு மிக மெல்லியது. அதன் இடுக்கில் துருவும், சேறும், வாழைச் சாறும் சேர்ந்து இறுகியிருந்தன. அதனால் தகடு முழுவதுமாக உள்ளே போய் உட்காரவில்லை. ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது அந்த உறை. அன்றிலிருந்துதான் கத்தியின் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கற்றுக் கொண்டேன். கற்றதை மூன்று பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. இரும்பைப் பார்த்தல்

கத்திக்குக் கூர்மையைக் கொடுப்பதும் அதை நிலைக்க வைப்பதும் இரும்பில் கலந்துள்ள கரி. ஏறக்குறைய 0.5 முதல் 1 சதவீதம் வரை கரி உள்ள உருக்கைச் செந்நிறமாகக் காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது கடினமாகும். இதையே ஆசாரிமார் தோய்ச்சல் என்கிறார்கள். லாரியின் பழைய வில்பட்டையில் ஆசாரி அடிக்கும் கத்தி நன்றாக உழைப்பதற்குக் காரணம், அதில் 0.5 சதவீதத்திற்கு மேல் கரி இருப்பதுதான். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், இரும்பை உருக்கும் கலை நம் நாட்டில் எவ்வளவு பழமையானது என்பதைக் காட்டியுள்ளன. அந்தக் கலையில் பளபளப்புக்கு வேலையில்லை.

துருப்பிடிக்காத உருக்கில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். கரியும் போதிய அளவு இருந்தால் அதுவும் நல்ல கத்திதான். கரி குறைவாக இருந்தால் பளபளப்பு நிற்கும், கூர்மை நிற்காது. சில கத்திகளின் அலகில் எண் பொறித்திருப்பார்கள். முதலில் 3, பிறகு சி.ஆர்., பிறகு 13 என்றிருந்தால் கரி சுமார் 0.3 சதவீதம், குரோமியம் சுமார் 13 சதவீதம் என்று பொருள். முதலில் 8 என்றிருந்தால் கரி சுமார் 0.8 சதவீதம், இது மேலானது. எண்ணைப் பொய்யாகவும் பொறிக்க முடியுமாதலால் அதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அலகில் அலை அலையாக வரி இருப்பதும் தரத்திற்குச் சான்று ஆகாது; வெறும் மேற்பூச்சு வரியாகவும் இருக்கலாம்.

காந்தத்தில் ஒட்டினால் நல்ல கத்தி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இது பாதிதான் சரி. காந்தத்தில் ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் எவர்சில்வர் பாத்திர வகைத் தகடு. அதற்குத் தோய்ச்சல் ஏறாது; வாங்க வேண்டாம். ஆனால் சாதாரண மென்மையான இரும்பும் காந்தத்தில் ஒட்டும். எனவே காந்தம் தள்ளுவதற்கு உதவும், கொள்ளுவதற்கு உதவாது.

கொள்ளுவதற்கு உதவும் சோதனைகள் இரண்டு:

அ) சிறிய அரம் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். கடைக்காரரின் அனுமதியோடு, அலகின் முதுகில், ஆணிக்கு அருகில் இலேசாக உரசுங்கள். அரம் எளிதாகப் பிடித்துத் துகள் கொட்டினால் இரும்பு மென்மையானது. வழுக்கிக் கொண்டு போனாலோ, சிரமப்பட்டுப் பிடித்தாலோ தோய்ச்சல் உண்டு.

ஆ) முதலில் ஒரு தாளை அறுத்துப் பாருங்கள். பிறகு காய்ந்த தென்னங்கயிற்றை இருபது முறை அறுங்கள். மீண்டும் தாளை அறுங்கள். இழுத்துக் கிழித்தால் அந்தக் கத்தி ஒரு காலை வேலைக்குத் தாங்காது. கத்தியின் வாயை வெளிச்சத்திற்கு நேராகப் பிடித்தாலும் தெரியும்: மழுங்கிய இடம் கோடாக மின்னும், கூரான இடம் மின்னாது.

ஒட்டுக் கத்தி வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒட்டுக் கத்தி பொதுவாக ஒரு பக்கம் மட்டுமே சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். வலது கைக்காரருக்கும் இடது கைக்காரருக்கும் சாய்வு மாறும். பார்த்து வாங்க வேண்டும்.

2. மூட்டைப் பார்த்தல்

மடக்குக் கத்தியின் உயிர் அதன் மூட்டில் இருக்கிறது. அலகை முழுவதும் திறந்து, முனையைப் பிடித்து இடமும் வலமும், பிறகு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். புதுக் கத்தியே ஆடினால் ஒரு மாதத்தில் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மடக்கும்போது அலகு பிடியின் நடுவில் இறங்க வேண்டும். பக்கத் தகட்டில் உரசக் கூடாது.

அடுத்தது பூட்டு. பழைய பேனாக் கத்திகளில் முதுகில் ஒரு வில் மட்டும் இருக்கும். அது அலகைப் பூட்டாது. மடங்குவதைச் சற்றுத் தடுக்கும், அவ்வளவே. பூட்டுள்ள கத்தியில் பூட்டுத் தகடு தடிமனாக இருக்கிறதா, அலகின் அடியில் முழுவதும் ஏறி உட்காருகிறதா என்று பாருங்கள். பிறகு விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக் கொண்டு, பிடியை இரு பக்கமும் பிடித்து, அலகின் முதுகை ஒரு மரப் பலகையில் இலேசாக நாலைந்து முறை தட்டுங்கள். பூட்டு ஒரு முறை விட்டாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

விலை குறைவும் தரக் குறைவும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-ஆம் ஆண்டு உருவாக்கிய கத்திக்கு ஒரே ஓர் அலகு, ஒரு மரப் பிடி. அந்த ஊர்க் குடியானவர்கள் வாங்கும் விலையில் அது இருந்தது. 1955-ஆம் ஆண்டு அதன் கழுத்தில் ஒரு வளையம் சேர்த்தார்கள். வளையத்தைத் திருகினால் அலகு மடங்காது. அலங்காரம் ஏதுமில்லாத அந்தக் கத்தி இன்றும் செய்யப்படுகிறது. எளிமையான பொருளிலும் மூட்டும் இரும்பும் சரியாக இருந்தால் போதும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

3. உறையைப் பார்த்தல்

உறையை இனாமாக வந்ததென்று நினைத்து நாம் பார்ப்பதே இல்லை. நம் மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறுகிறது. உறைக்குள் ஈரம் தங்க வாய்ப்பு அதிகம். நல்ல உறைக்கு நான்கு அடையாளங்கள் உண்டு.

முதலாவது, அடியில் நீர் வடிய ஒரு துளை இருக்க வேண்டும். இரண்டாவது, ஓரங்கள் நூலால் தைக்கப்பட்டிருக்க வேண்டும். பசையால் ஒட்டியது முதல் மழையில் வாய் பிளக்கும். மூன்றாவது, தலைகீழாகக் கவிழ்த்து உதறினாலும் கத்தி விழக் கூடாது. நான்காவது, தோல் என்று சொன்னால் வெட்டு விளிம்பைப் பாருங்கள். உண்மைத் தோலில் நார் நாராகத் தெரியும். தோல் தூளைப் பசையிட்டு அழுத்திய அட்டையானால் மேலே ஒரு பூச்சும், உள்ளே உதிரும் தூளும் தெரியும்.

உண்மைத் தோலாக இருந்தாலும் இரவில் கத்தியை அதற்குள் வைக்கக் கூடாது. தோலில் தங்கும் ஈரமும், தோல் பதனிடப் பயன்பட்ட பொருள்களும் சேர்ந்து இரும்பைத் துருவேற்றும். உறை என்பது நடக்கும்போது சுமப்பதற்கு. கத்தி குடியிருக்கும் வீடு அன்று. வந்த உறை சரியில்லை என்றால் அதை எறிந்துவிட்டு, காய்ந்த கமுகம்பாளையை மடித்துத் தைத்துக் கொள்ளலாம். அது நைந்தால் வேறொன்று தைக்கச் செலவில்லை. சாரத்தின் மடிப்பில் திறந்த கத்தியைச் செருகுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

விலைக் கணக்கு

ஒரு கணக்குக்காக வைத்துக் கொள்வோம். உறையோடு 150 ரூபாய்க்கு வாங்கிய கத்தி ஒரு பூ மட்டும் தாங்குகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 300 ரூபாய். ஆசாரியிடம் 600 ரூபாய்க்கு அடித்து வாங்கிய கத்தி பத்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 60 ரூபாய். மழுங்கிய கத்தியால் பிடிக்காமல் போன ஒட்டுகளின் விலையை இதில் சேர்க்கவில்லை. ஒரு விரலின் விலையைச் சேர்க்க எந்தக் கணக்கிலும் இடமில்லை.

அதற்காக மலிவுக் கத்தியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேற்சொன்ன சோதனைகளில் தேறினால் மலிவானதையே தயங்காமல் வாங்குங்கள். இரும்பு மட்டும் சுமாராக இருந்து, மூட்டு உறுதியாக இருந்தால் மூட்டை பிரிக்கவும் சணல் அறுக்கவும் வாங்கலாம்; ஒட்டுக் கட்ட வேண்டாம். மூட்டு சரியில்லை என்றால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் அலகையும் மூட்டையும் கழுவி, துணியால் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள். வாழைச் சாறு காய்ந்தால் கறை ஏறும். உடனே கழுவ வேண்டும். ஒட்டுக் கட்டும்போது ஒரு செடியிலிருந்து மறு செடிக்கு நோய் பரவாமல் இருக்க அவ்வப்போது சாராய ஆவியில் நனைத்த பஞ்சால் அலகைத் துடைப்பது நல்லது. சலவைத் தூள் கரைசலில் நனைத்தால் கத்தி துருவேறும். நனைத்தால் உடனே கழுவித் துடைக்க வேண்டும். சாணை பிடிக்கும்போது அடிக்கடி நீரில் தோய்க்கச் சொல்லுங்கள். கரி உருக்குக் கத்தியின் வாய் நீல நிறமானால் சுமார் 300 டிகிரி செல்சியசு சூடேறிவிட்டது, அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று பொருள்.

மடக்குக் கத்தியின் முதுகில் அழுத்தி நெம்பும் வேலையைச் செய்யாதீர்கள். அதற்கு வெட்டுகத்தியும் அரிவாளும் இருக்கின்றன. கை வெட்டுப்பட்டால் காயத்தைச் சோப்பும் நல்ல நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவரிடம் சென்று இரண ஜன்னித் தடுப்பூசி வேண்டுமா என்று கேளுங்கள். அந்த நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. கத்தி துருப்பிடிக்காதது என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ண வேண்டாம்.

முடிவாக, கத்தியைக் கையில் எடுத்ததும் விலையைக் கேட்காதீர்கள். முதலில் ஆட்டிப் பாருங்கள், பிறகு அறுத்துப் பாருங்கள், பிறகு உறையைக் கவிழ்த்துப் பாருங்கள். விலையைக் கடைசியில் கேளுங்கள். சோதிக்க விடாத கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். என் தகப்பனார் பழைய ஆசாரிக் கத்தியையே மீண்டும் எடுத்துக் கொண்டார். ஒன்பது விரலால் பிடித்தாலும் அது அவருக்குச் சொன்னபடி கேட்கிறது. உங்கள் பத்து விரல்களும் பத்தாகவே இருக்க வேண்டும் என்று கேட்டுக் கொண்டு விடைபெறுகிறேன்.