நோவுக்கு முந்திக்கொள்ளுங்கள்



சலரோகப் புண்ணால் விரலை இழந்தவர், விபத்தில் பாத எலும்பு முறிந்து கம்பி வைத்தவர் என்று, பாதத்தில் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் நம் ஊர்களில் பலர். வைத்தியசாலையில் இருக்கும்வரை தாதியர் நேரம் பார்த்து மருந்து தருவார்கள். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பொறுப்பு நம்முடையது.

"நோ தாங்க ஏலாமல் வந்தால் போடுவம்" என்று குளிசையை ஒதுக்கி வைக்கிறோம். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இது சரிவராது. முற்றிவிட்ட நோவை இறக்குவது கடினம், நித்திரையும் கெடும். வைத்தியர் எழுதித் தந்த நேரப்படி, நோ ஏறுமுன்பே போடுங்கள். வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் பனடோலை 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் அந்த அளவே கூடுதலாக இருக்கலாம், வைத்தியரைக் கேளுங்கள். தடிமனுக்கு வாங்கும் குளிசையிலும் பனடோலில் உள்ள அதே மருந்து இருக்கக்கூடும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். பக்கத்து வீட்டார் தந்த டைக்ளோபெனாக் வேண்டவே வேண்டாம். சிறுநீரகம், வயிறு, இதயம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து.

மருந்தைப் போலவே நோவைத் தணிப்பது, காலை உயர்த்தி வைப்பது. பாதம் தொங்கினால் வீங்கும். வீக்கம் தையலை இழுக்கும். சாய்மனைக் கதிரை போதாது. கட்டிலில் படுத்து, பாதம் நெஞ்சுக்கு மேலே நிற்கும்படி தலையணைகளை அடுக்குங்கள். காலுக்கு இரத்தோட்டம் குறைவு என்று வைத்தியர் சொல்லியிருந்தால் மட்டும் அவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இனிச் சாப்பாடு. கிரந்தி, புண்ணை ஆறவிடாது என்று சொல்லி மீனையும் முட்டையையும் நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. புண் ஆறத் தசை வளர வேண்டும். தசை வளரப் புரதம் வேண்டும். சிறுநீரக வருத்தத்துக்காக அளவு சொல்லப்பட்டவர்களைத் தவிர மற்றவர்கள் மீன், முட்டை, பருப்பு எல்லாம் சாப்பிடுங்கள். சுருட்டையும் சிகரெட்டையும் விட்டுவிடுங்கள். அவை இரத்தக்குழாய்களைச் சுருக்கிப் புண்ணை ஆறவிடா.

சலரோகக்காரருக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் பாதத்தில் நரம்பு மரத்திருக்கலாம். நோகவில்லை என்பதால் புண் ஆறிவிட்டது என்று எண்ணாதீர்கள். நோ சொல்லாததைக் கண் பார்க்க வேண்டும். மருந்து கட்டும்போது வீட்டார் பார்க்கட்டும். மற்றப் பாதத்தின் அடியை நாள்தோறும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்பு, சீழ், நாற்றம், காய்ச்சல் என்று எது கண்டாலும் கிளினிக் திகதிவரை காத்திராதீர்கள். சூட்டையும் மரத்த கால் உணராது. நல்லூர் முருகன் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் வெயில் காலம். வெறுங்காலோடு நடக்கும் வீதியில் மணல் கொதிக்கும். மரத்த கால் கொப்பளித்த பிறகே சூடு பட்டது தெரியவரும். புண் ஆறும்வரை வீட்டிலிருந்தே கும்பிடுங்கள். முருகன் அங்கேயும் கேட்பான்.

கால் எடுக்கப்பட்டவர்களில் பலருக்கு இல்லாத பாதமே நோகும். அது மனப்பிரமை அல்ல. நரம்பிலும் மூளையிலும் நிகழும் உண்மையான நோ. தமிழரான நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்காகக் கண்ணாடி வைத்துச் செய்யும் பயிற்சியை உருவாக்கினார். மருந்துகளும் உண்டு. வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மீண்டும் நடக்கவும் வழி உண்டு. போர்க்காலத்தில், 1987இல், யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் பொருத்தி எத்தனையோ பேரை மீண்டும் நடக்க வைத்திருக்கிறது.

சத்திரசிகிச்சை முடிந்த எவருக்கும் கெண்டைக்கால் திடீரென வீங்கி நொந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதால் புண் ஒரு நாளும் முந்தி ஆறாது. நோகுது என்று சொல்லுங்கள். அதைக் கேட்கும் வீட்டாரே, நேரத்துக்குக் குளிசையை எடுத்துக் கொடுங்கள்.