பிசின் எல்லாம் ஒன்றல்ல



காகிதம் ஒட்டுவது கோந்து. மரத்தில் வடிவது பிசின். துணிக்குப் போடுவது கஞ்சி. ஒட்டுகிறதையெல்லாம் பொதுவாகப் பசை என்கிறோம். பேர் கலந்து போனால் பரவாயில்லை; பொருள் கலந்து போனால் நஷ்டம் நமக்குத்தான்.

காஞ்சிபுரம் பட்டையே எடுத்துக்குங்க. பட்டுப்புழு கூடு கட்டும்போது நூலோடு பசையையும் சேர்த்தே விடுகிறது. கச்சாப் பட்டில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசைதான். சோப்பும் சோடா உப்பும் போட்ட கொதிநீரில் நூலை அவித்து இதை எடுக்கிறார்கள். எடுக்காவிட்டால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும், மினுமினுப்பும் வராது. "ஒரு கிலோ போட்டா முக்கால் கிலோதானே திரும்புது?" என்றால், குறைந்தது பட்டு அல்ல, பசை. பிறகு வீதியில் பாவை நீட்டி, இழை அறாமல் இருக்க அரிசிக் கஞ்சி தடவுகிறார்கள். புழு வைத்த பசை போய், உங்க வயல் நெல்லின் பசை வருகிறது!

மரப் பிசினும் இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்க. கருவேலம் பிசின் கரைந்துவிடும், கோந்துக்கு ஆகும். முருங்கைப் பிசின் ஊறி உப்பும், முழுசாகக் கரையாது. கோயிலில் புகை போடும் சாம்பிராணியும் குங்கிலியமும் தண்ணீரில் கரையவே கரையாது. நெருப்பில் போட்டால்தான் மணக்கும். ஆகவே, விற்பதற்குச் சேர்க்கும்போது மரத்துக்கு மரம் தனியாக எடுங்கள். மண்ணும் பட்டையும் நீக்கி, உலர்த்தி, நிறம் பார்த்துப் பிரியுங்கள். கலந்துவிட்டால் நல்ல பிசினும் மட்ட விலைக்குத்தான் போகும்.

ஒன்று மட்டும் கவனம். எலுமிச்சையின் அடிமரத்தில் பிசின் வடிந்தால் அது வருமானம் இல்லை, நோய். பூஞ்சாணம் தாக்கியதன் அடையாளம். பட்டை அழுகி, அழுகல் மரத்தைச் சுற்றிவிட்டால் மரமே பட்டுப்போகும். அழுகிய பட்டையைக் கத்தியால் செதுக்கி எரித்துவிட்டு, அந்த இடத்தில் போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் 1 கிலோவை 5 லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை 5 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, பிறகு கலக்க வேண்டும். மண் பானை அல்லது பிளாஸ்டிக் வாளி நல்லது. இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். தண்ணீர் தண்டில் படாதபடி பாத்தியைத் தள்ளிப் போடுங்கள்.

இன்னிக்கே தோட்டத்துக்குப் போய், எலுமிச்சை மரங்களின் அடியை ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்க.