அந்த அம்மாவா, அந்த ஐயாவா?

2024 செப்டம்பர் 13. சிங்கப்பூரிலிருந்து ரோமுக்குத் திரும்பும் விமானம். போப் பிரான்சிஸிடம் ஒரு நிருபர் கேட்டார்: அமெரிக்க அதிபர் தேர்தலில் கத்தோலிக்கர்கள் யாருக்கு ஓட்டுப் போடுவது?

சங்கடமான கேள்விதான். வேட்பாளர் டிரம்ப், சட்டவிரோதமாகக் குடியேறி வந்தவர்களை வெளியேற்றுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸ் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தார். போப்புக்கு இரண்டுமே ஆகாதவை.

ஆனாலும் மனுஷர் நழுவவில்லை. இரண்டுமே உயிருக்கு விரோதம் என்றார். அதற்காக வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது, எது குறைந்த தீமை என்று பார்த்து ஓட்டுப் போடத்தான் வேண்டும் என்றார். அது அந்த அம்மாவா, அந்த ஐயாவா? அது தனக்குத் தெரியாது, அவரவர் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று முடித்துவிட்டார்.

இதே தலைவலி 1774-லும் இருந்தது. இங்கிலாந்தில் தேர்தல். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, தம் சபையில் ஓட்டு உள்ளவர்களைக் கூப்பிட்டு மூன்று விஷயம் சொன்னார். காசு வாங்காமல் தகுதியானவருக்குப் போடுங்கள். நீங்கள் ஓட்டுப் போடாத வேட்பாளரைத் தூற்றாதீர்கள். மூன்றாவதுதான் கஷ்டம்: எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்டவர் மேல் கசப்பு வைக்காதீர்கள்.

பின்னே? ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தானே உட்கார வேண்டும்!