காலால் சுழலும் கடைசல்



கால்மிதித் தையல் இயந்திரத்தை நாம் எத்தனையோ லயன் வீடுகளில் பார்த்திருக்கிறோம். மிதிபலகையை அழுத்தினால் தண்டு சக்கரத்தை உருட்டும். சக்கரத்திலிருந்து தோல்வார் ஓடி ஊசியை இயக்கும். அந்தத் தோல்வார் ஒரு மரத்துண்டைச் சுழற்றுமானால், அதுவே கடைசல் இயந்திரம்! கைகள் இரண்டும் உளியைப் பிடிக்க, கால் எஞ்சின் வேலையைப் பார்த்துக்கொள்ளும். சக்கரம் மட்டும் கனமாக இருக்க வேண்டும். கால் மேலே எழும் நேரத்தில் சுழற்சி தளராமல் காப்பது அந்தக் கனமே.

சக்கரமே இல்லாமல் கடைந்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் சில்டர்ன் குன்றுகளின் பீச் மரக் காடுகளில் நாற்காலிக் கால் கடைந்த தொழிலாளரைப் ‘பாட்ஜர்’ என்பார்கள். தலைக்கு மேலே வளைந்து கொடுக்கும் ஒரு கழி. அதிலிருந்து இறங்கும் கயிறு மரத்துண்டைச் சுற்றி மிதிபலகைக்குப் போகும். மிதித்தால் மரம் முன்னே சுழலும். விட்டால் கழி இழுக்க, பின்னே சுழலும். மிதிக்கும்போது மட்டுமே உளி வெட்டும். இருபதாம் நூற்றாண்டிலும் இத்தொழில் நடந்தது.

தோழர்களே, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். அவர்களுக்குக் கருவி சொந்தம், உழைப்பும் சொந்தம். ஆனால் கடைந்த கால்களை 144 கொண்ட குரோஸ் கணக்கில் ஹை விக்கம் நகரத்து நாற்காலித் தொழிற்சாலைகளுக்கு விற்றார்கள். தனியாளாகக் கால் மட்டும் விற்பவன், முழு நாற்காலி விற்பவனிடம் எப்படி விலை பேச முடியும்? பாலை எடைபோட்டுக் கூலி வாங்கிய நமக்கு இந்தக் கணக்குப் புரியாதா?

பால் வற்றி, மறுநடவுக்காக வெட்டிய நம் ரப்பர் மரம் முன்பெல்லாம் விறகாகப் போயிற்று. 1980களிலிருந்து மலேசிய மேசை நாற்காலித் தொழிலுக்கு அதுவே முக்கிய மரம். உளிக்கு நன்றாக இணங்கும். ஆனால் பூஞ்சையும் துளைப்பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும். வெட்டியவுடன் மருந்தூட்டி உலர்த்த வேண்டும்.

ஆகவே, பழைய தையல் இயந்திரத்தின் இரும்புக் கால் வீட்டில் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பம்பரம், அகப்பைக் காம்பு, பூரிக்கட்டை போன்ற சிறு பொருள்கள் கடைய அது போதும். ஆனால் ஐந்து பேர் ஐந்து வீட்டில் கடைந்து, ஐந்து விலைக்கு விற்கும் நிலை வேண்டாம். ஒன்றாகக் கடைவோம், ஒரே விலை சொல்வோம். மிதிக்கும் கால் நம்முடையது. விலை சொல்லும் வாயும் நம்முடையதாக இருக்கட்டும்!