தொழில் நாணயமும் ஊர் மதிப்பும்



கற்ற கல்விக்குப் பல்கலைக்கழகம் சான்று வழங்குகிறது. அக்கல்வியைக் கொண்டு ஆற்றும் தொழிலுக்கு வாழும் ஊரே சான்று வழங்குகிறது. முன்னது ஒரே நாளில் கைக்கு வருவது, பின்னது ஆண்டுக்கணக்கில் ஈட்டப்படுவது என்பதை அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கறுப்பின வீரர் வில்லியம் கூல்டின் வாழ்க்கை தெளிவாக உணர்த்துகிறது.

1837இல் வட கரோலைனாவின் வில்மிங்டன் நகரில் அடிமையாகப் பிறந்த கூல்ட், அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே குற்றம் எனச் சட்டமிருந்த அம்மாநிலத்தில் எழுதப் படிக்கக் கற்றதோடு, சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசும் தொழிலிலும் தேர்ந்தார். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களுக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1862 செப்டம்பரில் வேறு ஏழு பேருடன் சிறு படகில் கேப் ஃபியர் ஆற்றின் வழியே தப்பி, ஒன்றியத்தின் ‘கேம்பிரிட்ஜ்’ போர்க்கப்பலை அடைந்தார். அவ்வாறு வந்தோர், எதிரியிடமிருந்து பறிமுதலான உடைமை என்னும் கருத்தில், ‘கான்ட்ராபேண்ட்’ என்றே அழைக்கப்பட்டனர். ஆயினும் அவர் கடற்படையில் சேர்ந்து 1865 வரை பணியாற்றி, அந்த ஆண்டுகளை நாட்குறிப்பாகவும் எழுதிவைத்தார்.

போருக்குப் பின் 1871இல், கறுப்பினத்தவர் மிகச் சிலரே வாழ்ந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டெடம் நகரில் குடியேறிய கூல்ட், பூச்சுவேலை ஒப்பந்தக்காரரானார். அங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தின் பூச்சுவேலையில் பணியாளர்கள் சாந்தை முறையாகக் கலக்கவில்லை என்பது தெரியவந்தபோது, பார்வைக்கு எக்குறையும் புலப்படாதிருந்தும், அப்பூச்சு முழுவதையும் பெயர்த்தெடுத்துத் தம் செலவிலேயே மீண்டும் பூசச் செய்தார். அந்த இழப்பு அவரைக் திவாலின் விளிம்புவரை கொண்டுசென்றாலும், ஊரார் அவர் சொல்லையும் வேலையையும் நம்பத் தொடங்கினர். ஒன்றியப் படைகளின் முன்னாள் வீரர்கள் அமைத்த ‘கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்’ என்னும் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு அவர் தலைவரானார். ஊரின் எபிஸ்கோப்பல் பிரிவுத் தேவாலயம் ஒன்றை நிறுவியோருள் ஒருவராகவும் விளங்கினார். 1923இல் மறைந்த அவருடைய நாட்குறிப்பை, சட்ட அறிஞரான கொள்ளுப்பேரர் நான்காம் வில்லியம் கூல்ட் 2002இல் நூலாக்கினார். மறைந்து நூறாண்டு நிறைந்த 2023இல் டெடம் நகரம் அவருக்குச் சிலை எழுப்பியது.

இவ்வரலாற்றைப் படிப்போர் ஒன்றை மறந்துவிடலாகாது. விடுதலையும் சம உரிமையும் நன்னடத்தைக்குக் கிடைக்கும் பரிசுகள் அல்ல. அவை கூல்டுக்குப் பிறப்பிலேயே உரியனவாயிருந்தும் மறுக்கப்பட்டவை. ஆனால் ஊரின் நம்பிக்கை, எவராயினும் தம் உழைப்பால் தேடிக்கொள்ள வேண்டியது.

பொறியாளரின் அடித்தளக் கணக்கிலும், மருத்துவரின் நோயறி முடிவிலும், ஆய்வாளரின் தரவிலும், பிறர் எளிதில் சரிபார்க்க இயலாத, செய்தவர் மட்டுமே அறிந்த பகுதி ஒன்று உண்டு. அப்பகுதியில் பிழை காணும்போது, இழப்புக்கு அஞ்சாமல் அதைப் பெயர்த்தெடுத்துத் திருத்தும் துணிவைப் பெற்றோரே கற்றவர் என்னும் பெயருக்கு உரியவராவர். இன்று பட்டம் பெறும் ஒவ்வொருவரும் அத்துணிவுடன் தம் தொழிலைத் தொடங்குக. வாழும் ஊரின் நம்பிக்கையைப் பெறுக.