ஓலை வருமுன் ஓசை கேட்போம்

(பாவூர்சத்திரம் வணிகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கடையடைப்புக்கு ஆள் திரட்ட வந்திருக்கிறேன் என்று எண்ணி வந்தவர்கள் சற்று ஏமாறக்கூடும். கதவை அடைப்பது பற்றியல்ல, காகிதத்தைப் படிப்பது பற்றிப் பேசவே வந்துள்ளேன்.

இவ்வூர்க் காய்கறிச் சந்தையை எண்ணிப் பாருங்கள். தக்காளியும் கத்தரியும் வெண்டையும் மூட்டை மூட்டையாக வந்து குவிகின்றன; லாரி ஏறுகின்றன; புளியரை வழியே மலை தாண்டிக் கேரளம் சேர்கின்றன. ஓணத்துக்கு எவ்வளவு சரக்கு போகும், சாரல் நீடித்தால் விலை எப்படித் திரும்பும் என்று கேளுங்கள். கணக்குப் பிள்ளையும் சொல்வார், மூட்டை தூக்கும் தோழரும் சொல்வார். நாளைய விலையை இன்றே மோப்பம் பிடிக்கும் அத்தகைய மதியூகிகள், தம் தலைமேல் விழப்போகும் வரியை மட்டும் விழுந்த பிறகே காண்கிறார்களே, அஃதேன்?

அண்மைக் கதை ஒன்று சொல்கிறேன். 2024 செப்டம்பர் 9. டில்லியில் சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் 54ஆவது கூட்டம். மாலையில் செய்திக் குறிப்பு வெளிவந்தது. புற்றுநோய் மருந்துக்கு வரி குறைந்தது, கார வகைகளுக்கு வரி குறைந்தது என்று ஏடுகள் எழுதின. மகிழ்ச்சிதான்! ஆனால் அதே குறிப்பின் ஒரு மூலையில் இன்னொன்றும் கிடந்தது: பதிவு பெறாத ஒருவர் தம் வணிகக் கட்டிடத்தைப் பதிவு பெற்ற ஒருவருக்கு வாடகைக்கு விட்டால், அந்த வாடகைக்குரிய வரியைக் குடியிருப்பவரே கட்ட வேண்டும். வருவாய் கசிவதைத் தடுக்கவாம்! அக்டோபர் 8இல் அறிவிக்கை. 10ஆம் நாள் முதல் நடைமுறை. விகிதம் நூற்றுக்குப் பதினெட்டு.

அடுத்த காட்சியை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

"அண்ணாச்சி, இனிக் கடை வாடகைக்கும் வரி உண்டு."

"கட்டிடம் என்னுடையதல்லவே, ஆடிட்டர் ஐயா!"

"கட்டிடம் அவருடையதுதான், வரி உங்களுடையது."

பெரிய வணிகர் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக வரவு வைத்துக் கழித்துக்கொள்வார். இணக்க வரி முறையில், அதாவது மொத்த விற்பனையில் நூற்றுக்கு ஒன்று கட்டும் முறையில் இருக்கும் சிறுகடைக்காரருக்கு அந்தக் கழிவு கிடையாது. ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் விற்பவர் கட்டும் வரி 50,000. அவர் கடை வாடகை மாதம் 15,000 என்றால், புதிய ஏற்பாட்டின்படி ஆண்டுக்கு 32,400 ரூபாய் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். ஒரு மூலைச் செய்தியின் எடை இது!

வணிகர்கள் கொதித்தனர். நவம்பர் இறுதியில் மதுரையில் கடைகள் அடைக்கப்பட்டன. மனுக்கள் பறந்தன. டிசம்பர் 21இல் ஜெய்சல்மேரில் கூடிய 55ஆவது மன்றம், இணக்க வரி முறையினரை விலக்கிவிடலாம் என்றது. 2025 ஜனவரி 16இல் அறிவிக்கை வந்தது. போராடியோர்க்கு வாழ்த்து! ஆயினும் ஒன்று கேட்கிறேன். இடைப்பட்ட காலத்துக்கு மன்றம் சொன்ன வழி, உள்ளது உள்ளபடியே முறைப்படுத்துவது. அதாவது கட்டியவர் கட்டியதுதான், கட்டாதவர் தப்பியதுதான். சட்டத்துக்கு அஞ்சி முதல் மாதமே கட்டியவருக்குக் கிடைத்த பரிசைப் பார்த்தீர்களா?

செப்டம்பர் 9க்கும் அக்டோபர் 10க்கும் நடுவே 31 நாட்கள் இருந்தன. பரிந்துரை ஆணையாக மாறாத காலம் அது. இந்தக் கணக்கை அப்போதே எழுதி, சென்னைக் கோட்டைக்கு எத்தனை ஊர்ச் சங்கங்கள் அனுப்பின? மன்றத்தில் மத்திய அரசின் வாக்கு மூன்றில் ஒரு பங்கு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு தேவை. நம் மாநில அமைச்சரும் அந்த மேசையில் அமர்ந்திருக்கிறார் அல்லவா? அவர் கையில் நம் கணக்கு இருந்தால் பேசுவார். இல்லையேல் எதை வைத்துப் பேசுவார்?

படிப்பது எளிதல்ல என்பதை மறுக்கவில்லை. மத்திய அரசின் அறிவிக்கை ஆங்கிலத்தில் வருகிறது, இந்தியில் வருகிறது. வரி கட்டும் தமிழனின் மொழியில் வருவதில்லை! வந்தாலும், "இந்த எண்ணுள்ள அறிவிக்கையில் இந்தச் சொற்களுக்குப் பதில் இந்தச் சொற்கள்" என்றுதான் இருக்கும். பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் புதியது விளங்கும். ஆகவேதான் சங்கத்துக்கு ஒரு பேரேடு வேண்டும் என்கிறேன். எந்த நாளில் பரிந்துரை, எந்த நாளில் ஆணை, எந்த நாள் முதல் நடைமுறை, நம்மூரில் எத்தனை கடைக்கு எவ்வளவு பாரம் என்று எழுதி வைக்கும் பேரேடு. படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஆண்டுவிழா மாலைகளில் இரண்டைக் குறைத்தால் நோட்டுப் புத்தகச் செலவு தீரும்!

நாளைக் குறிப்பது எதற்கு என்பீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வரி குறைகிறது என்று நாடெங்கும் முழங்கினார்களே, பீடிக்கு 28இலிருந்து 18 என்ற பரிந்துரையும் அதில் இருந்தது. ஆனால் அந்தத் தேதி பீடிக்குப் பொருந்தாது என்பதும் அதே குறிப்பில் இருந்தது. பீடி சுற்றும் கைகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் எத்தனை பேர் அந்த வரி வரை படித்தோம்?

சொல் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. 2022 ஜூலை 18 முதல், பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசிப் பைக்கு நூற்றுக்கு ஐந்து வரி வந்தது. அதற்கு இரு நாள் முன்னர் தமிழகத்து அரிசி ஆலைகள் நின்றன. பிறகு விளக்கம் வந்தது, 25 கிலோவுக்கு மேற்பட்ட பைக்கு அவ்வரி இல்லை என்று. உடனே கடைகளில் 26 கிலோ பை வந்து நின்றது! விளக்கத்தைப் படித்தவன் பையை மாற்றினான். ஒரேயடியாக 26 கிலோ வாங்க வழியில்லாத ஏழைதான் ஐந்து கிலோப் பைக்கு வரி கொடுத்தான். அவன் சார்பாக எந்தச் சங்கமும் பேரேடு எழுதவில்லை. எழுத வேண்டியது நம்மைப் போன்ற இயக்கத்தின் வேலை.

மின்கட்டணத்துக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் தந்த ஆணை அந்த ஆண்டோடு முடியவில்லை. ஆண்டுதோறும் ஜூலை முதல் நாள் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணம் ஏற அதிலேயே வழி வகுத்திருந்தது. 2023இல் 2.18, 2024இல் 4.83 என்று நூற்றுமேனி ஏறியபோது, "மீண்டும் உயர்வா?" என்று வியந்தோம். அவ்வுயர்வுகள் 2022லேயே எழுதப்பட்டவை. அந்த ஆணைக்கு முன் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் பொதுமக்களின் கருத்தைக் கேட்டார்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் அந்த உரிமையை நமக்கு அளிக்கிறது: விண்ணப்பத்தை வெளியிட்டு, ஆட்சேபணையைக் கேட்ட பிறகே கட்டணத்தை முடிவு செய்ய வேண்டும்.

அந்த ஆணையின் காலம் 2026-27ஆம் நிதியாண்டோடு முடிகிறது. அடுத்த விண்ணப்பம் வந்தால், கேட்பு நாளன்று மாவு மில்லுக்காரரும் மரம் அறுப்பவரும் தேநீர்க் கடைக்காரரும் வெறுங்கையோடு போகக் கூடாது. ஆளுக்குப் பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதை எடுத்துச் சங்கச் செயலாளரிடம் இவ்வாரமே கொடுங்கள். தொகுத்து எழுத இரு தோழர்களை நமது கிளை அனுப்பும்.